கல்வெட்டுப் படத்துக்கு எந்த மை, எந்தத் தாள், எந்தப் பிரிண்டர்?

கறுப்பு-வெள்ளைப் படம் பிரிண்ட் எடுக்க எந்தப் பிரிண்டர் வாங்கலாம்? கல்வெட்டு தேடி அலையும் நண்பர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போய் நின்றாலும் பேச்சு இங்கிருந்துதான் ஆரம்பிக்கும். இந்த மாடல், இத்தனை டேங்க், பக்கத்துக்கு இத்தனை பைசா. மை, தாள் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார்.

இந்த வரிசை தலைகீழ் என்பதுதான் இந்தப் பதிவின் வாதம். முதலில் மை, அடுத்து தாள், கடைசியில்தான் பிரிண்டர். கல்யாண ஆல்பத்துக்கு இது அவ்வளவு முக்கியமில்லாமல் இருக்கலாம். கல்வெட்டுப் படத்துக்கு முக்கியம். ஏன்னா, கல்லே போன பிறகு அந்தப் படம்தான் சாட்சி.

மிகைப்படுத்தவில்லை. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீச்சிச் சுவரைச் "சுத்தம்" செய்து, எழுத்து தேய்ந்துபோன கோவில்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்பு, எனாமல் பெயின்ட், டைல்ஸ், சுவரை ஒட்டி எழுப்பிய மடப்பள்ளி என்று எழுத்து மறைய நூறு வழி இருக்கிறது. படம் ஹார்ட் டிஸ்கில் இருக்கே, அது போதாதா என்றால், போதாது. சாஃப்ட்வேர் தொழிலில் இருபது வருஷம் ஓட்டியவன் சொல்கிறேன், ஆள் மாறாமல் பார்த்துக்கொள்ளாத எந்தக் கோப்பும் ரொம்ப நாள் நிற்காது. பெட்டியில் போட்டு மறந்துவிட்டாலும் இருபது வருஷம் கழித்து எடுத்துப் படிக்கக்கூடியது நல்ல மையில் நல்ல தாளில் எடுத்த பிரிண்ட்தான்.

நம்ம ஊர்க் கல்லின் சிக்கல்

பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கல்லுக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். 1893-ல் ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை மெட்ராஸ் பக்கத்திலிருந்து போன இந்தக் கல்தான் என்பதால் அந்தப் பெயர். பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் பொறித்த குடைவரை (இப்போது தர்காவாக இருக்கிறது) குடையப்பட்டதும் இந்த வகைக் கல்லில்தான்.

இதன் குணம், கருமை. கல்லே கருஞ்சாம்பல். அதில் வெட்டிய எழுத்து ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். பக்கவாட்டு வெளிச்சத்தில் பள்ளத்தின் ஒரு சரிவு கொஞ்சம் வெளுக்கும், எதிர்ச்சரிவு கொஞ்சம் இருளும். அந்த இரண்டு "கொஞ்ச"த்துக்கும் நடுவில்தான் "ர"வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வித்தியாசம் உட்கார்ந்திருக்கிறது. மொத்தத் தகவலும் படத்தின் இருண்ட கால்பங்கில். மேகமும் வெள்ளை வேட்டியும் உள்ள படத்தில் பிரிண்டர் செய்யும் தப்பு கண்ணுக்குத் தெரியாது. இங்கே எழுத்தே காணாமல் போகும்.

ஆகவே கல்வெட்டு பிரிண்டிடம் நான் கேட்பது இரண்டு. இருட்டுக்குள் இருட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். தாம்பரம் வெயிலிலும் ஈரத்திலும் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

மைப்படி எடுத்தவர்கள் செய்த தேர்வு

இந்த இரண்டு கேள்விக்கும் நம்மவர்கள் எப்போதோ ஒரு விடை வைத்திருக்கிறார்கள்: மைப்படி. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து அடித்துத் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, ஈரம் கொஞ்சம் வற்றியதும் துணிப்பந்தால் கரி மையை ஒற்றி எடுப்பது. மேடு கறுப்பாகும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். எங்கள் தொழில் மொழியில் சொன்னால் அது 1 பிட் படம். கல் கறுப்பா சிவப்பா, வெயில் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதில் ஒரு பொருட்டே இல்லை.

கவனிக்க வேண்டியது மை. விளக்குக் கரி, அதாவது கார்பன். அதற்கும் முன்னால், எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து தெரிய எண்ணெயில் குழைத்துத் தேய்த்ததும் இதே கரிதான். கரி வெயிலுக்கு வெளுக்காது, நீரில் கரையாது, காற்றிலுள்ள ஓசோனுக்கு அசையாது. ஓலையைப் பூச்சி தின்றிருக்கும், எழுத்து மட்டும் கறுப்பாகவே இருக்கும். சுவடி நூலகங்களில் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

மைப்படிக்கும் குறை உண்டு. உளி வெட்டிய பள்ளமும் பின்னால் பெயர்ந்த சில்லும் ஒரே வெள்ளையாகத்தான் விழும். ஆழம் தெரியாது. வெட்டா, சிதைவா என்று வாதம் வரும்போது புகைப்படம்தான் தீர்க்க வேண்டும். அதனால் ஒன்று மற்றொன்றுக்கு மாற்று இல்லை.

2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மைசூரில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றச் சொன்னபோது பெரிய விவாதம் நடந்தது. நியாயமான விவாதம். ஆனால் நான் படித்த செய்திகளில் பெரும்பாலும் எந்த ஊரில் வைப்பது என்பதே பேச்சு. தாள் எந்த நிலையில் இருக்கிறது, எந்த ஈரப்பதத்தில் வைக்கப் போகிறோம் என்பது ஓரமாகத்தான் வந்தது. மைசூரை விடச் சென்னை ஈரமான ஊர். கரி நிற்கும். தாள் நிற்குமா என்பதுதான் கேள்வி.

டிரைப்பின் 21 படங்கள்

புகைப்படத்தால் கல்வெட்டைப் படியெடுக்கும் முயற்சிகளில் நமக்குக் கிடைப்பதிலேயே மிகப் பெரிய ஆரம்பம் தஞ்சாவூரில். மெட்ராஸ் ராணுவத்தைச் சேர்ந்த கேப்டன் லினேயஸ் டிரைப் 1856-ல் மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றிப் படமெடுத்தார். பெரிய கோவில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக ஆக்கினார். தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை ஹூல்ட்ஷ் வெளியிட்டது 1890-ல். தஞ்சைக் கல்வெட்டுகள் அதற்கு அடுத்த தொகுதியில்தான் வந்தன. அதற்கு முப்பது வருஷம் முன்னால் இப்படி ஒரு வேலை.

நான் பார்த்தது இணையத்தில் உள்ள படங்களைத்தான். தாளின் மேற்பரப்பைப் பற்றி அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. டோனைப் பற்றிச் சொல்லலாம். அந்தக் காலத்து உப்புத் தாள், முட்டை வெண்கருத் தாள் பிரிண்ட்களில் டெவலப்பர் கிடையாது. நெகட்டிவைத் தாளோடு அழுத்தி வெயிலில் வைத்தால் படம் தானாகவே கறுத்து வரும். இதில் ஒரு அழகான பக்கவிளைவு உண்டு. முதலில் கறுத்த பகுதி, கீழே உள்ள ரசாயனத்துக்குத் தானே ஒரு நிழலாகிவிடும். அதனால் இருண்ட இடம் மேலும் இருளும் வேகம் குறையும், வெளிச்ச இடங்கள் அதற்குள் மெல்ல ஏறிவரும். விளைவு, இருட்டுப் பகுதி மொத்தையாக அடைபடாது. கல்வெட்டுக்கு வேண்டியது சரியாக இதுதான். அந்தப் பிரிண்ட்களின் "கறுப்பு" உண்மையில் பழுப்பு, ஊதா கலந்த பழுப்பு. கருமையே இல்லாமல் கருமைக்குள் பிரிவு காட்டுகிறார் மனுஷன்.

குறையும் சொல்ல வேண்டும். அவருக்குக் கிடைத்தது சூரியன் ஒன்றுதான். ஒரே திசை வெளிச்சத்தில் எடுத்த எந்தப் படத்திலும், அந்தத் திசைக்கு இணையாக ஓடும் கோடுகள் மங்கும். மேலிருந்து வெயில் என்றால் படுக்கைக் கோடு பளிச்சென்று தெரியும், நெட்டுக்கோடு தேய்ந்து தெரியும். தமிழ் எழுத்தில் இது சின்ன விஷயமில்லை. ஆகவே அந்தச் சுருளை வைத்து மட்டும் பாடம் தீர்மானிக்க நான் துணிய மாட்டேன். ஆனால் சுவர் 1858-ல் எப்படி இருந்தது, எந்தக் கல் எதற்கு அடுத்து இருந்தது என்பதற்கு அதைப் போன்ற சாட்சி வேறில்லை. 1859-ல் ஆளுநராக வந்த ட்ரெவெல்யனுக்கு இந்தத் துறை வீண் செலவாகப் பட்டது. சீக்கிரமே மூடிவிட்டார்கள். பிரிண்ட்கள் நிற்கின்றன.

நம் புத்தகங்களில் வரும் படங்கள்

இனி நம் காலம். தமிழில் வரும் வரலாற்று நூல்களில், பெயர் சொல்லவில்லை, பல வருஷ உழைப்பில் வந்த நல்ல நூல்களிலும்கூட, பின்னிணைப்புக் கல்வெட்டுப் படங்களைப் பாருங்கள். பத்தில் ஏழு கருஞ்சதுரம். கீழே "கல்வெட்டு, கிழக்குச் சுவர்" என்று தலைப்பு இருப்பதால்தான் அது கல்வெட்டு என்று தெரிகிறது.

படமெடுத்தவர் மேல் குற்றமில்லை. மேப்லித்தோ தாளில் ஒரே கறுப்பு மையில் ஆஃப்செட் அடிக்கும்போது, புள்ளிகள் தாளில் ஊறிப் பெரிதாகும். 80 சதவீதக் கறுப்பு 90 போல விழும், 90-ம் 95-ம் 100 ஆகிவிடும். எழுத்து இருந்ததே அந்த இடத்தில்தான். தீர்வு பெரிய ரகசியமில்லை. அச்சுக்கு அனுப்பும் முன் இருட்டுப் பகுதியைத் தூக்கிக் கொடுக்கலாம். எட்டுப் பக்கமாவது ஆர்ட் தாளில் தனியாகச் சேர்க்கலாம். காசு இருந்தால் கறுப்போடு ஒரு சாம்பல் மையும் சேர்த்து இரட்டை மையில் அடிக்கலாம். எதுவும் முடியாது என்றால் மைப்படியை மட்டும் போடுங்கள், அது 1 பிட், எந்தத் தாளிலும் விழும். எழுத்து தெரியாத படத்தைப் போடுவது வாசகரை "நம்புங்க" என்று சொல்வதற்குச் சமம். ஆய்வு நூலுக்கு அது அழகில்லை.

மை

வீட்டில் எடுக்கும் பிரிண்டுக்கு வருவோம். இங்க்ஜெட் மை இரண்டு ஜாதி. டை என்பது தண்ணீரில் சர்க்கரை போலக் கரைந்த சாயம். பிக்மென்ட் என்பது மிக நுண்ணிய திடத்துகள், மிதந்து வந்து தாளில் உட்காரும். டை பளபளப்பாக இருக்கும், மலிவு, ஹெட் அடைப்பும் குறைவு. ஆனால் வெளிச்சமும் ஓசோனும் அதை எளிதில் உடைக்கும். கறுப்பு பிக்மென்ட் என்பது பெரும்பாலும் கார்பன்தான். நம்ம பழைய விளக்குக் கரியின் பேரப்பிள்ளை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு இருந்தவர்களுக்கு இது பாடமாகவே நடந்தது. எங்கள் சொந்தக்காரர் வீடு ஒன்றில் தண்ணீர் வடிந்த பிறகு நானும் போய் அலமாரியைக் காலி செய்ய உதவினேன். பெரியப்பாவின் பழைய ஸ்டூடியோ படம், வெள்ளி ஜெலட்டின் பிரிண்ட், ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உரிக்க முடியாமல் இருந்தது. அதை ஸ்கேன் செய்து டை மையில் எடுத்து வைத்திருந்த நகல்கள் நீலமும் சிவப்புமாக ஓடியிருந்தன. சேறு மட்டும் படிந்து, ஒரு எழுத்துகூடக் கலையாமல் இருந்தது எது தெரியுமா? வம்சாவளி எழுதிய தாளின் ஜெராக்ஸ். டோனர் என்பது பிளாஸ்டிக்கில் பொதிந்த கரி. தண்ணீர் அதை என்ன செய்யும்? கொடியில் காயப்போட்டு எடுத்து வைத்தார்கள்.

கடையில் "கறுப்பு டேங்க் பிக்மென்ட்தான் சார்" என்று சொல்வார்கள். சொல்வது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான்கு டேங்க் மாடல்களில் பலவற்றில் அந்த பிக்மென்ட் கறுப்பு சாதாரணத் தாளில் எழுத்து அடிக்க மட்டும்தான். கிளாஸி ஃபோட்டோ தாள் என்று செட்டிங்கில் தேர்ந்தெடுத்த உடனே பிரிண்டர் அதை ஒதுக்கிவிட்டு, சயான், மஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து கறுப்பு "செய்யும்". நீங்கள் கறுப்பு-வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் கலர் படம். அதனால்தான் ஜன்னல் பக்கம் பார்த்தால் ஊதா, டியூப்லைட்டில் பார்த்தால் பச்சை. மூன்று சாயமும் ஒரே வேகத்தில் வெளுக்காது என்பதால், மாதங்கள் போகப் போக ஏதாவது ஒரு நிறம் மேலே வந்து நிற்கும். கலர் லேபில் கொடுத்து வாங்கும் கறுப்பு-வெள்ளைப் பிரிண்டும் இதே கதைதான். கலர் தாளில் மூன்று சாயங்களால் ஆன சாம்பல்.

"100 வருஷம் வெளுக்காது" என்று பெட்டியில் போட்டிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த எண்களில் பல, ஹென்றி வில்ஹெல்மின் ஆய்வகம் பின்பற்றும் முறையில் வருபவை. கண்ணாடிக்குப் பின்னால், 450 லக்ஸ் வெளிச்சம் தினம் 12 மணி நேரம், 24 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்ற கணக்கு. நேர்மையான கணக்குதான், ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படும். ஆனால் தாம்பரத்தில் ஏசி இல்லாத ஹாலில் 24 டிகிரி எந்த மாசம் வரும்? மழைக்காலத்தில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த எண்ணை ஆயுள் உத்தரவாதமாகப் பார்க்காதீர்கள். ஒரே ஆய்வகம் கொடுத்த இரண்டு எண்களில் எது பெரியது என்று மட்டும் பாருங்கள்.

தாள்

ஃபோட்டோ தாள் என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு கொண்ட ரெசின் தாள். கிளாஸியில் கறுப்பு ஆழமாக விழும் என்பது உண்மை. அடர்த்தி அளவில் சொன்னால் நல்ல பரைட்டா, கிளாஸி தாளில் பிக்மென்ட் கறுப்பு 2.3 வரை போகும், மேட் தாளில் 1.6 பக்கம் நின்றுவிடும். இது லாகரிதம். 2.3 என்றால் விழுந்த வெளிச்சத்தில் 0.5 சதவீதம் திரும்பி வருகிறது, 1.6 என்றால் 2.5 சதவீதம். ஐந்து மடங்கு வித்தியாசம். இந்த எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் கிளாஸிக்குத் தாவுகிறார்கள்.

நான் மேட் பக்கம். காரணம், கல்வெட்டுக்கு வேண்டியது மிக ஆழமான கறுப்பு இல்லை, கறுப்புகளுக்குள் இடைவெளி. அந்த இடைவெளியைக் கொடுப்பது தாளின் உச்ச அடர்த்தியை விட, பிரிண்டரின் டோன் வளைவைச் சரியாக அமைப்பதுதான். டிரைப்பின் பழுப்பு அதைத்தான் காட்டுகிறது. தவிர, கல்வெட்டுப் படத்தை நாலு பேர் மேசை மேல் போட்டு, தலைக்கு மேல் டியூப்லைட் எரிய, குனிந்து படிக்கிறோம். கிளாஸியில் முதலில் தெரிவது டியூப்லைட். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் மேட் பருத்தித் தாளில் குறைவு. அதன் பலவீனம் உரசல். விரல் தேய்த்தால் கறுப்பில் கோடு விழும். நடுவில் ஒரு டிஷ்யூ தாள் வைத்து அடுக்கினால் தீர்ந்தது.

தாளில் பார்க்க வேண்டியது மூன்று. மரக்கூழா பருத்தியா, அமிலம் இல்லாததா, வெண்மையூட்டி ரசாயனம் எவ்வளவு. மூன்றாவதை நாமே சோதிக்கலாம். கள்ளநோட்டு பார்க்கும் யூவி டார்ச் ஒன்று எடுத்து, விளக்கை அணைத்துவிட்டுத் தாளில் அடியுங்கள். பளீரென்று நீலமாக மின்னினால் வெண்மையூட்டி நிறைய இருக்கிறது. அது நாளடைவில் செயலிழந்து, தாள் தன் உண்மையான மஞ்சள் நிறத்துக்குத் திரும்பும். மங்கலாகவே இருந்தால் அந்தத் தாள் இன்றைக்கு என்ன நிறமோ பல வருஷம் கழித்தும் ஏறக்குறைய அதே நிறம்.

ஹானமூலே ஃபோட்டோ ரேக் 308 ஜிஎஸ்எம் போன்ற முழுப் பருத்தித் தாள்கள் இந்த வேலைக்கு நன்றாக இருக்கின்றன. விலை கண்ணைக் கட்டும், சந்தேகமில்லை. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைத்தாள் போல உள்ளூரில் பருத்தித் துணிக்கழிவில் செய்யும் தாளில் அடிக்கலாமே என்று கேட்பார்கள். தாள் அருமையான தாள். ஆனால் இங்க்ஜெட் பூச்சு இல்லாததால் மை ஊறிப் பரவும், கறுப்பு சாம்பலாகும். அட்டைக்கும் உறைக்கும் அது போதும், கல்வெட்டுக்கு வேண்டாம்.

டார்க்ரூம் பக்கம் போகலாமா என்று கேட்கும் ஒன்றிரண்டு பேருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் "இந்து" என்ற பெயரில் கறுப்பு-வெள்ளைத் தாள் தயாரித்த காலம் முடிந்துவிட்டது. இல்ஃபோர்ட் ஃபைபர் தாளை வரவழைத்துச் செய்யலாம். ஒழுங்காகச் செய்தால் அதன் பக்கத்தில் இங்க்ஜெட் நிற்பது கஷ்டம். ஆனால் டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும், மே மாசத்தில் நம்ம ஓவர்ஹெட் டேங்க் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஃபைபர் தாளில் ஹைப்போ போக அரை மணி, ஒரு மணி என்று ஓடும் நீரில் கழுவ வேண்டும். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கழுவுவதைக் குறைத்தால் படம் மஞ்சளாகும். அரைகுறையாகச் செய்த வெள்ளிப் பிரிண்டை விட ஒழுங்காகச் செய்த கரிப் பிரிண்ட் மேல்.

பிரிண்டர்

இப்போதுதான் பிரிண்டர். மையும் தாளும் முடிவான பிறகு இந்தக் கேள்வி சின்னதாகிவிடும். பிக்மென்ட் மை, ஒன்றுக்கு மேற்பட்ட கறுப்பு-சாம்பல், பருத்தித் தாளின் தடிமனை ஏற்கும் வழி. இந்த மூன்றும் உள்ளதைத் தேடினால் பட்டியல் தானே சுருங்கும்.

சாம்பல் மை ஏன் வேண்டும்? ஒரே கறுப்பால் வெளிர்சாம்பல் காட்ட வேண்டுமானால் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும், சொரசொரவென்று தெரியும். அந்த இடைவெளியை அடைக்கக் கலர் மையைக் கூப்பிட்டால் நிறம் ஏறும். எப்சன் 2005-ல் கே3 மையில் ஒரே நேரத்தில் மூன்று அடர்த்திக் கறுப்புகளைக் கொண்டு வந்தது இதற்காகத்தான். 2020-ல் வந்த பி700, பி900-ல் ஃபோட்டோ கறுப்பு, மேட் கறுப்பு, சாம்பல், வெளிர்சாம்பல் என்று நான்கும் தனித்தனி வழியில் வரும். அதே வருஷம் வந்த கேனன் ப்ரோ-300-ல் இரண்டு கறுப்பு, ஒரு சாம்பல். எதில் அடித்தாலும் அதன் கறுப்பு-வெள்ளை மோடில்தான் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சாம்பலுக்குக் கொடுத்த காசு வீண்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய எப்சன் ஒன்றில் கலர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கரி மையையே பல அடர்த்திகளில் நிரப்புவது. ஜான் கோன் பீசோகிராஃபி என்ற பெயரில் இதைத்தான் செய்தார். ராய் ஹாரிங்டனின் குவாட்டோன்ரிப் மென்பொருளில் ஒவ்வொரு மையும் எந்த டோனில் எவ்வளவு விழ வேண்டும் என்று நாமே வளைவு எழுதிக் கொடுக்கலாம். நம்மைப் போல நோண்டிப் பார்க்கும் ஆட்களுக்குச் சொர்க்கம். மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிக்மென்ட் பிரிண்டரின் பெரிய எதிரி சும்மா இருப்பது. இரண்டு மாசம் தொடாமல் வைத்தால் நம்ம கோடையில் ஹெட் காய்ந்து, சுத்தம் செய்யவே பாதி மை போகும். வாரத்துக்கு இரண்டு பிரிண்டாவது எடுக்காதவர் வாங்காமல் இருப்பதே நல்லது. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். இல்லையென்றால் பிக்மென்ட் மை, பருத்தித் தாள் என்று வெளிப்படையாகச் சொல்லி அடித்துத் தரும் இடத்தில் கொடுக்கலாம். மையின் பெயரும் தாளின் பெயரும் கேட்டால் "நல்ல குவாலிட்டி சார்" என்று மட்டும் பதில் வரும் இடத்தை விட்டு வந்துவிடுங்கள். வீட்டிலுள்ள டேங்க் பிரிண்டரைத் தூக்கிப் போட வேண்டாம். களத்துக்கு எடுத்துப் போகும் வேலைப்பிரதிக்கு அது தாராளம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

காசு கொடுக்கும் முன்

எந்தக் கடையில், எந்த பிரிண்டரில் எடுத்தாலும் முதலில் ஒரு சோதனைத் தாள் எடுங்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து ஐந்து சதவீதமாக 21 கட்டங்கள், கீழே உங்கள் கல்வெட்டில் மிக மோசமான வரி ஒன்று. ஒரு நாள் காயவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம், டியூப்லைட்டில் ஒரு தரம் பாருங்கள். 80, 85, 90, 95 நான்கும் தனித்தனியாகத் தெரிகிறதா? நிறம் மாறாமல் இருக்கிறதா? அந்த மோசமான வரியை, முன்பின் பார்க்காத ஒருவரால் படிக்க முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் பிரிண்டரின் பெயர் என்னவானால் என்ன.

நிலைத்து நிற்குமா என்று பார்க்க, அதே தாளில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடித் தெற்கு ஜன்னலில் ஒட்டி வையுங்கள். சேலையூரில் எங்கள் வீட்டு ஜன்னலில் இப்படி ஒட்டி வைத்த மலிவு டை பிரிண்ட், கத்திரி வெயில் முடிவதற்குள் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நடுவே தெளிவான கோடு காட்டியது. பக்கத்திலேயே இருந்த பிக்மென்ட் பிரிண்டில் கோடு தேடினேன், கண்ணுக்குத் தெரியவில்லை. ஆய்வகச் சோதனை இல்லைதான். பணத்தை எதில் போடுவது என்று முடிவெடுக்க எனக்கு அது போதுமாக இருந்தது.

எடுத்த பிறகு பிவிசி உறையில் போடாதீர்கள். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை. செலோடேப் கூடவே கூடாது. பெட்டியில் ரெண்டு சிலிக்கா ஜெல் பை போட்டு, ஈரமான வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து நன்றாக உயரத்தில் வையுங்கள். நம்ம பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்புறத்தில் பென்சிலால், ஜெல் பேனாவால் அல்ல, நான்கு விவரம்: ஊர், எந்தச் சுவர், தேதி, வெளிச்சம் வந்த திசை. நான்காவதை யாரும் எழுதுவதில்லை. அது தெரிந்தால்தான் எந்தக் கோடு மங்கியிருக்கும் என்று நாளைக்குப் படிப்பவர் கணக்குப் போட முடியும்.

சங்கம் வைத்திருப்பவர்கள், சிறு பதிப்பகம் நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்வெட்டுத் தொகுதி போடும் முன், உள்ளே வரப்போகும் படங்களில் ஐந்தையாவது அதே தாளில், அதே மையில் ஒரு தரம் அடித்துப் பார்த்து, நூலாசிரியரைத் தவிர வேறு ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாத எழுத்து வாசகருக்கும் தெரியாது.